பயந்துகொண்டே பெரட்டு அடித்தவன்

போன் வந்தபோது நான் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் ரூமில் இருந்தேன். கையெல்லாம் கிரீஸ். பழைய சிநேகிதன் பிஜு பேசினான். "எடா, யோகன் மரிச்சு. திருப்பூர்ல. மஞ்சக் காமாலை." நான் முதலில் கேட்டது, எந்த ஆஸ்பத்திரி என்று. அடுத்து, எந்த டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்று. பிஜு, "நீ ஒரு மிஷின்டா" என்று சொல்லி வைத்துவிட்டான். என் வேலை அப்படி. பழுது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன், மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் நம்புவேன். யோகன் விஷயத்தில் மீட்டர் வைக்க எதுவும் மிச்சமில்லை. முதலில் நாட்டு மருந்து, பிறகு பத்தியம், அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி. வரிசையே தலைகீழ். முப்பது வயது முடியவில்லை அவனுக்கு.

ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கிளம்பி ஊட்டி வரை வந்துவிட்டேன். கூடலூரில் பஸ் நின்றுவிட்டது. பந்தலூர் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது, எடுக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம் என்றார்கள். மழை. எத்தனை கொஞ்ச நேரம் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "மரத்துகிட்டத்தான் கேக்கணும்ங்க" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் உடலை எடுத்துவிடுவார்களோ என்று பிஜுவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், சிக்னல் இல்லை. கடைசியில் ஒரு காய்கறி ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது எனக்காகக் காத்திருந்தார்கள். எனக்காக மட்டும் இல்லை. அந்த ரோட்டில் இன்னும் நிறையப் பேர் மாட்டியிருந்தார்கள்.

ஊர் வாசகசாலைக்காரர்கள் யோகன் நினைவாகச் சில பக்கங்கள் அச்சடிக்கிறார்கள், காரியத்தன்று கொடுப்பதற்கு. என்னை எழுதச் சொன்னார்கள். எனக்கு அஞ்சலி எழுதத் தெரியாது. நடந்ததை எழுதத் தெரியும். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கூடையோடு வந்து நின்றவர்கள். மீதிப் பேருக்கு அவனைத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

யோகன் என்கிற யோகநாதன் பந்தலூருக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அவன் அம்மா செல்லம்மா, இலங்கையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றி அனுப்பினார்கள். இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தார். அப்பா சீக்கிரமே போய்விட்டார். நான் பஜாரில் எலக்ட்ரிக் கடைக்காரர் மகன். எங்கள் குடும்பம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக மலையேறியது. நானும் அவனும் ஒரே ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கடையில் உட்காரும் வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரு நாள் டேப் ரெக்கார்டர் பழுது என்று எடுத்துக்கொண்டு வந்தான். கடையில் நான் ஹாஸ்டலில் பதிவுசெய்து கொண்டுவந்த இங்கிலீஷ் ராக் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டால் பஜாரில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். இவன் நின்றான். பாட்டு முடியும் வரை நின்றான்.

"இது என்னாங்க பாட்டு?"

"திராஷ் மெட்டல்."

"டிரம்மு அடிக்கிறவரு எதுக்குப் பயப்படுறாரு?"

"பயமா? அது கோவம்" என்றேன்.

"இல்லீங்க. கோவத்துல இம்புட்டு வேகம் வராது. பின்னால ஏதோ தொரத்துனாத்தான் வரும்."

பைத்தியம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் விரல்கள் கண்ணாடி மேஜையில் ஓட ஆரம்பித்துவிட்டன. ஒரே ஒரு தடவை கேட்ட பாட்டு. இரட்டை அடி, நிறுத்தம், மறுபடி இரட்டை அடி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. உள்ளேயிருந்து என் அப்பா கத்தினார். "ஏனுங்க தம்பி, கண்ணாடி ஒடஞ்சா ஊட்டுக்கு அனுப்ப மாட்டனுங்க!" யோகன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செய்யாத குற்றத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டான். முகூர்த்த நாட்களில் கூடலூர் பேண்ட் செட்டில் டிரம் அடிப்பவன் என்றும், மற்ற நாட்களில் தோட்டத்து ஃபேக்டரியில் தற்காலிக ஆள் என்றும் அப்புறம்தான் தெரிந்தது.

நானும் அவனும் ஒரு குழு தொடங்கினோம். தேவாலாவிலிருந்து பிஜு வந்து சேர்ந்தான். கிட்டாரும் தொண்டையும் அவனுடையது. பேஸ் கிட்டாரும் வயரிங்கும் என்னுடையது. ஆம்ப்ளிஃபயரை நானே செய்தேன். அப்பா ஒரு தடவை கேட்டுவிட்டு, "ஏன்டா கண்ணு, இதுக்குத்தான் பாலிடெக்னிக் படிச்சயா? தகரத்த ரோட்டுல இழுத்தாப்புல இருக்குது" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம். குழுவுக்குப் பெயர் வைத்தது யோகன். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யார் எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டுக்கு வரச்சொல்லித் தப்பு அடிப்பார்கள். "எங்க அம்மா ஆயுசு பூரா இந்த ஒரு சத்தத்துக்குத்தான் ஓடியிருக்கு. அந்தப் பேர வெய்யி" என்றான். பெரட்டு என்றே வைத்தோம்.

இவ்வளவு கடூரமான பாட்டை அடித்தவன் இவ்வளவு பயந்தவனாக இருந்தது எனக்குப் புரியவே இல்லை. டிரம்ஸை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது, வளைவு வந்தால் இறங்கி நடந்து வந்து ஏறிக்கொள்வான். யானை, மின்னல், வயர், டிரைவர் தூங்கிவிடுவாரோ என்கிற பயம், நாங்கள் சத்தம் போட்டால் மானேஜர் தொரை ஏதாவது சொல்வாரோ என்கிற பயம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. அது காம்பரா. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக்கு இலங்கைக்காரர்கள் சொல்லும் பெயர் அது. வேலையில் பெயர் இருக்கிறவருக்குத்தான் காம்பரா. செல்லம்மா வேலையிலிருந்து நிற்கும்போது யோகனின் பெயர் நிரந்தர ஆட்களில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். "ஒருக்கா கப்பல்ல ஏத்தினாங்க. இனி எதுல ஏத்துவாங்கன்னு அம்மா கேக்குது. என்னா சொல்ல?" என்பான். தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. எந்தத் தோட்டமும் யாரையும் நிரந்தரமாக்கவில்லை.

பயம் அவன் அடியில் தெரியும். பாட்டு தொடங்கும்போது ஒரு வேகம், முடியும்போது வேறு வேகம். எனக்குக் கோபம் வரும். தாளம் ஓடக்கூடாது, அது கணக்கு. ஒரு சின்ன சர்க்யூட் செய்து, சிவப்பு விளக்கு சீராக மின்னுகிற மாதிரி அவன் முன்னால் வைத்தேன். "இதப் பாத்து அடி. இது ஓடாது." அவன் பார்த்தான், அடித்தான், விளக்கை விட்டுவிட்டு ஓடினான். நான் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "லைட்டு நிதானமாத்தான் எரியும் குமாரு. அதுக்கென்ன, காம்பரா போற கவலையா?" என்றான். பிஜு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். அன்றோடு விளக்கைக் கழற்றிவிட்டேன்.

எங்களிடம் மூன்று பாட்டுகள்தான் இருந்தன. மூன்றுக்கும் வார்த்தை யோகனுடையது. அவன் பயங்களை வரிசையாகச் சொல்லுவான், பிஜு அதைக் கத்துவான். ஒன்றுக்குப் பெயர் 'உண்டா'. அதில் வருவது ஒரே கேள்விதான். நாளைக்கு வேலை உண்டா, உண்டா, உண்டா என்று தொண்டை கிழியும் வரை.

பிறகு ஃபேக்டரி நின்றது, கூடவே கொழுந்து பறிப்பும். முதலில் வாரத்தில் பாதி நாள், பிறகு கேட்டில் ஒரு காகிதம்: மறு அறிவிப்பு வரும் வரை. மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சொல்லியிருந்தால் ஜனங்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். அறிவிப்பு என்றைக்கு வருமோ என்று ஒவ்வொரு காலையிலும் லயத்தில் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்கள். பெரட்டுத் தப்பு அடிக்கிற பெரியவர் மகளோடு சமவெளிக்குப் போய்விட்டார். இருந்தாலும் கேட்டார்கள். "மழைச் சத்தத்துல கேக்காமப் போயிருமோன்னு அம்மா விடிய முன்னயே கதவத் தெறந்து வெச்சிருது. வீடெல்லாம் சாரல்" என்றான் யோகன்.

ஃபேக்டரி காலியாக இருந்ததால் எங்களுக்கு இடம் கிடைத்தது. வாட்ச்மேன் யோகனுக்குச் சித்தப்பா. அவர் ஷெட்டிலிருந்து வயர் இழுத்து, கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்தோம். ஞாயிறு மத்தியானம் வாசிப்போம். ஊட்டியில் ஒரு கல்லூரி விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாள் நெருங்க நெருங்க எனக்கு ஆம்ப்ளிஃபயர் கவலை. மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் வோல்டேஜ் தரையில் கிடக்கும். விடிகாலையில்தான் நிமிர்ந்து நிற்கும். ஆகவே திங்கட்கிழமை விடிகாலை வாசிக்கலாம் என்று முடிவு செய்தேன். வோல்டேஜைப் பொறுத்தவரை அது சரியான முடிவு.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய டிரம்மின் தோல் கிழிந்திருந்தது. ஈரம். கோயம்புத்தூருக்குப் போனால்தான் வேறு தோல் கிடைக்கும். யோகன் சுற்றிலும் பார்த்தான். கீழே, ஆபீஸ் அறைக்கு வெளியே ஆணியில் பெரட்டுத் தப்பு தொங்கியது. எடுத்து வந்து, கிழிந்த சாக்கைக் கொளுத்தித் தோலைக் காயவைத்தான். 'உண்டா' பாட்டின் தொடக்கத்தில் பெரட்டு அடியையே அவன் வைத்திருந்தான், வழக்கமாக அதை டிரம்மில் அடிப்பான். அன்று தப்பில் அடித்தான். சரியாக விழவில்லை என்று திரும்பத் திரும்பத் தொடக்கத்தை மட்டும் அடித்தான். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் அதற்குப் பயப்படவில்லை. எங்கள் மூவருக்கும் அது பாட்டின் தொடக்கமாக மட்டும்தான் கேட்டது.

பிஜுதான் ஜன்னல் பக்கம் போனான். "எடா" என்றான். அப்புறம், "எடா, இங்க வா. ரெண்டு பேரும் வா."

கீழே களத்தில் பெண்கள். முதுகில் கூடை, மழைக்கு இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற படங்கு, தலையில் துணி. வந்த வேகத்தில் அவர்களாகவே வரிசை போட்டு நின்றிருந்தார்கள். மூடுபனிக்குள் பாதையில் இன்னும் ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், ஓடிக்கொண்டே முடிச்சுப் போட்டுக்கொண்டு. முன்வரிசையில் செல்லம்மா நின்றார். யார் பெயர் கூப்பிடுவார்கள் என்று எல்லாரும் ஆபீஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோகனின் முகத்தை நான் மறக்கமாட்டேன். "நான் போய்ச் சொல்றேன், ப்ராக்டிஸ்னு. முடிஞ்சுது" என்றேன்.

"வேணாம். நீ சொன்னா ஏசுற மாதிரி இருக்கும்" என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினான்.

"அக்கா... வேல இல்லக்கா" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "வேல தொறக்கல. நாங்க சும்மா பாட்டு... பாட்டுக்கு அடிச்சோம்."

பின்னால் யாரோ கூடையை இறக்கி வைப்பது கேட்டது. பிறகு, செல்லம்மாவோடு கொழுந்து பறிக்கிற காளியம்மா அக்காவின் குரல்.

"பாட்டா? பாட்டுக்கா நான் உலையக் கவுத்துட்டு ஓடியாந்தேன்?"

"நான் பல்லுகூட வெளக்கல" என்றது இன்னொரு குரல்.

"நீ என்னைக்கு வெளக்கின?"

சிரிப்பு எழுந்தது. அதற்கு நடுவில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். காளியம்மா அக்கா முந்தானையை உதறிச் செருகினார். "சரிடா யோகா. வந்தது வந்தாச்சு. என்னா பாட்டுன்னு அடி, பாப்போம். நல்லால்லன்னா ஒனக்கு இருக்கு."

அடித்தோம். ஜன்னல்களைத் திறந்துவைத்து, 'உண்டா'வை முழுக்க. பிஜு "நாளைக்கு வேலை உண்டா" என்று கிழித்தான். முடிந்ததும் கீழேயிருந்து பதில் வந்தது. "இதத்தானடா நாங்களும் கேக்குறோம்! இதுக்கு எதுக்குத் தொண்டையக் கிழிச்சுக்கிற?" எங்கள் குழு மூவராக ஒரு கூட்டத்துக்கு முன்னால் வாசித்தது அந்த ஒரு தடவைதான். கைதட்டல் இல்லை. ஆனால் யாரும் காதைப் பொத்தவில்லை.

அப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. செல்லம்மா மகனையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மலைப்பக்கம் பார்த்தார். "கொழுந்து முத்துது. கூடையும் கொண்டாந்தாச்சு. நான் மலைக்குப் போறேன்" என்றார். நடந்தார். காளியம்மா அக்கா போனார். பிறகு வரிசை வரிசையாக எல்லாரும் போனார்கள், பெரட்டில் பிரித்து அனுப்பியது போலவே. சாயங்காலம் தேவாலா பக்கத்தில் இலை வாங்கும் ஒரு சின்ன ஃபேக்டரியின் ஜீப் வந்து கொழுந்தை எடுத்துக்கொண்டு போனது. வந்த காசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"நாளைக்கும் அடி" என்றார் காளியம்மா அக்கா, "ஆனா மெதுவா அடிடா. ஒன் வேகத்துக்கு ஓடியாந்தா முட்டி கழண்டுரும்." மறுநாள் யோகன் மெதுவாகத்தான் ஆரம்பித்தான். பிறகு வழக்கம்போல ஓடினான். கம்பெனி கொழுந்தைக் கம்பெனிக்குத் தெரியாமல் பறிக்க ஆள் கூட்டுகிறவன், வேறு எப்படி அடிப்பான்?

தினமும் அடித்தான். ஊட்டி விழா நாள் வந்தது. வரமாட்டேன் என்றான். நான் கன்னாபின்னாவென்று திட்டினேன். ஊட்டியில் அத்தனை பேர் முன்னால் வாசிக்கப் பயம், அதற்கு இது ஒரு சாக்கு என்றேன். "ஆமா, பயந்தான்" என்றான். மறுக்கவே இல்லை. "ஒரு நாளு அடிக்காட்டிப் போதும், எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு நின்னுருவாங்க. ஒருக்கா நின்னா அப்பறம் கூட்ட ஏலாது குமாரு." நானும் பிஜுவும் மட்டும் போனோம். டிரம்ஸ் இல்லாமல் திராஷ் மெட்டல் வாசித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தக் கல்லூரியில் படித்தவர்களைக் கேட்கலாம். இரண்டாவது பாட்டில் மைக்கை அணைத்துவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் பிஜு, இனி இல்லை என்றான். பெரட்டு என்ற குழுவின் வரலாறு அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் முழுசாகத் தாங்கவில்லை.

கம்பெனிக்குச் செய்தி போனது. விசாரிக்க ஓர் ஆபீசர் வருகிறார், பெரட்டுக்கு ஆள் கூட்டியது யார் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் காம்பராவைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் மூலமாகப் பேச்சு வந்தது. அதிலிருந்து யோகனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான். நான் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். நடந்ததைச் சொல், போதும். நீ பாட்டுக்கு அடித்தாய், அவர்கள் தப்பாக நினைத்து வந்துவிட்டார்கள். பொய்யே வேண்டாம், உண்மையே உன்னைக் காப்பாற்றும். திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒழுங்காகச் சொன்னான்.

ஆபீசர் வந்தார். களத்தில் எல்லாரையும் நிறுத்தினார்கள். நானும் நின்றேன். அவர் கெட்டவர் மாதிரி தெரியவில்லை, களைத்தவர் மாதிரி தெரிந்தார். தப்பு அடித்தது யார் என்று கேட்டார். யோகன் முன்னால் போனான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"நாந்தாங்க சார்."

"ஏதோ பாட்டுப் பழகுனீங்களாம்ல? பசங்க விளையாட்டுன்னு எழுதிக்கிட்டா எனக்கும் சுலபம், உனக்கும் சுலபம்."

தப்பிக்கும் கதவு திறந்தே இருந்தது. நுழைந்தால் போதும். நான் மனதுக்குள், சொல்லித் தொலைடா, சொல்லித் தொலைடா என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"மொத நாளு பாட்டுங்க சார்" என்றான் யோகன். "அடுத்த நாள்லேருந்து பெரட்டு."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் கேட்டார், சொன்னான். அதோடு பேசாமல் இருந்திருக்கலாம். வேறு யாராவது இருந்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பார்கள். இவன் எல்லார் முன்னாலும், ஒரு பிள்ளை கேட்பது போலக் கேட்டான். "சார், எங்க அம்மாவ வெளிய அனுப்பிருவீங்களா?"

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஒரு சட்டம் சொல்லியிருப்பார். அத்தனை பெண்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்லம்மா மட்டும் தரையைப் பார்த்தார். "அவங்க பேரு வேலைல இருக்கிற வரைக்கும் யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றார் ஆபீசர் கடைசியில். சொன்ன பிறகு அவராலேயே அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. இத்தனை காதுகள் கேட்டுவிட்டன.

அன்று சாயங்காலம் அவனிடம் நான் சண்டை போட்டேன். பாடம் சொல்லிக்கொடுத்தேனே, முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாமே என்றேன். "பாதியோட நிறுத்துனா மறுநாள்லேருந்து வந்தவங்க எல்லாம் களவாணிங்கன்னு ஆயிரும்ல?" என்றான். "எனக்கு அதுவும் பயமா இருந்துச்சு." இரண்டு பயத்தில் எது பெரிது என்று அந்த நேரத்தில் அவன் கணக்குப் போட்டிருக்கிறான். கணக்குப் படித்தவன் நான். எனக்கு அது தோன்றவில்லை.

தோட்டம் பிறகு வேறு ஆட்களின் குத்தகையில் திறந்தது. எல்லாரையும் எடுத்துக்கொண்டார்கள். யோகனை எடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அவன் திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போனான். நான் கோயம்புத்தூர் வந்தேன். எப்போதாவது போனில் பேசுவோம். மெஷின் சத்தத்துக்கு நடுவில், "இங்க எல்லா மிஷினும் ஒன் லைட்டு மாதிரி ஒரே வேகம்டா, மனுசன் எப்பிடி இருக்கிறது?" என்பான். போன வருடம் செல்லம்மா வேலையிலிருந்து நின்றார். அதிலிருந்து யோகன் லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறி வந்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று, இன்னும் கொஞ்ச நாள் இருக்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் விட்டார்கள். இது எதையும் அவன் போனில் என்னிடம் சொன்னதில்லை. அடக்கத்துக்கு வந்த இடத்தில் காளியம்மா அக்கா சொல்லித்தான் தெரியும்.

அவனை அடக்கம் செய்த மறுநாள் தோட்டத்துக் கண்டக்டர் வந்தார். துக்கம் விசாரித்தார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அடுத்த திங்கட்கிழமை சாவியோடு ஆபீசுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றார். செல்லம்மா தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். யோகன் நல்லவன், தங்கமானவன் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவன் தப்புச் சத்தத்துக்கு ஓடிவந்து மலையேறியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திங்கட்கிழமை ஆபீசுக்கு வாருங்கள். அந்தக் காம்பராவில் செல்லம்மா உயிரோடு இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு அவன் இல்லை.

நான் வந்து பேசுகிறேன் என்று செல்லம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீ கோவமாப் பேசுவ தம்பி" என்றார். "கோவமாப் பேசினா அவங்களும் பேசுவாங்க. அவன் பயந்து பயந்து கேப்பான். அப்பிடிக் கேக்கிறவன இல்லைன்னு சொல்லி அனுப்ப யாருக்கும் ஏலாது."

எங்கள் பாட்டு எதுவும் பதிவாகவில்லை. போட்டோகூட இல்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான், அதுவும் செல்லம்மா அப்படிச் சொன்ன பிறகு வந்தது. நான் கயிற்றில் தொங்கும் பெட்டியின் மேல் நின்று வேலை செய்கிறவன். பயந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது. போய்க் கேட்டு, அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் அவன் பஸ் ஏறி வந்து அந்த வாசலில் நின்றிருக்கிறான். இப்போது அது என்னிடம் இருக்கிறது. கோபத்தைக் கோயம்புத்தூரில் வைத்துவிட்டு, இந்தப் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.